தலைமை இழை

திசு ஆய்வு நிறுவனத்தில் ஒருவர் எந்த உறுப்பைப் படிக்கிறாரோ, அதுதான் அவர் பெயர். அதுதான் அவர் அந்தஸ்தும்கூட. இதயத்தைப் படித்தவர் இயக்குநர் ஆகிவிட்டார், அவருக்குக் கம்பளம் விரித்த அறை. சிறுநீரகத்தம்மாவுக்கு, அந்த உறுப்பு ஜோடியாக இருப்பதால், மேஜையும் ஜோடியாகக் கிடைத்தது. குடல்வால்காரர் எந்த நேரமும் தன்னை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்திலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டு வருகிறவர்கூட உறுப்பு வரிசைப்படிதான் கோப்பையை வைப்பார். கணையத்துக்கு வந்து சேரும்போது அது ஆறிப்போயிருக்கும்.

நம் ஆள் கல்லீரல்காரர். வயிற்றுக்குள் அதைவிடக் கனமான உறுப்பு கிடையாது என்பதால் அவருக்குக் கை வைத்த நாற்காலியும் ஜன்னல் வைத்த அறையும் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வழியே காலை வெயில் முதுகில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஆனால் அவருக்கு உண்மையான நிம்மதி கொடுத்தது நாற்காலியும் இல்லை, ஜன்னலும் இல்லை. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த சகலைதான்.

சகலை என்றால் கல்லீரல்காரருடைய மனைவியின் தங்கச்சி வீட்டுக்காரர். அவர் படித்தது மெசன்டரி. குடல் வயிற்றுக்குள் கண்டபடி புரண்டு முறுக்கிக்கொள்ளாமல், அதை முதுகுப்புறச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிற மடிப்புச் சவ்வு அது. யாரும் அதை உறுப்பாக மதித்ததில்லை. உள்ளே இருக்கும் பெரிய மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதை வெட்டித் தூரப் போட்டுவிட்டுப் பார்ப்பதுதான் நிறுவனத்தின் வழக்கம். உறுப்பு இல்லாதவருக்கு அறை இல்லை என்பது விதி. ஆகவே படிக்கட்டின் அடியில் ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு முக்காலி. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். சகலை நிமிராமலே பழகிக்கொண்டார்.

கல்லீரல்காரர் சகலைமேல் உயிரையே வைத்திருந்தார். "பாவம்மா அவன். திறமை இருக்கு, என்ன பிரயோஜனம்? போயும் போயும் ஒரு சவ்வைப் பிடிச்சுத் தொங்கறான்" என்று வீட்டில் வாரம் தவறாமல் சொல்வார். படிக்கு அடியில் ஈரம் ஊறுகிறது, குளிர்கிறது என்று கேள்விப்பட்டு, "ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடேன், புண்ணியமாப் போகும்" என்று மனைவியிடம் அவரேதான் சொன்னார். அவள் நீலக் கம்பளி நூலில் ஒன்று பின்னிக் கொடுத்தாள். "எனக்கு?" என்று கேட்டதற்கு, "மிச்ச நூல் பெட்டியில இருக்கு. அடுத்தது உங்களுக்குத்தான். உங்களுக்கென்ன அவசரம், ஜன்னல் வெயில் இருக்கே" என்றாள். அதில் ஒரு பெருமை இருந்ததால் அவர் வற்புறுத்தவில்லை. காலையில் படியேறும்போது மட்டும், சகலையின் தலைக்கு நேர் மேலே வரும் படியைக் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. யார் மேலே, யார் கீழே என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் எங்கோ இருந்த அறிஞர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். மெசன்டரி துண்டு துண்டான சவ்வு அல்ல, ஆரம்பம் முதல் கடைசி வரை அறுபடாத ஒரே அமைப்பு, அதை உறுப்பு என்றே சொல்லலாம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

இயக்குநர் உடனே சபையைக் கூட்டினார்.

"இத்தனை காலமா இந்தச் சவ்வு நம்ம கண்ணு முன்னாடியேதான் இருந்துது. நாமதான் அதை வெட்டி வெட்டிக் குப்பையில போட்டோம். நாம அப்படிப் போடாம இருந்திருந்தா, அது எவ்வளவு அலட்சியப்படுத்தப்பட்டதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சிருக்குமா? அந்தப் பெருமை நம்ம நிறுவனத்துக்குத்தான் சேரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கல்லீரல்காரரும் தட்டினார், உள்ளங்கை மட்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை.

உறுப்பு என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு துணைக்குழு போடப்பட்டது. அது பலமுறை கூடி, பிஸ்கட் தீரும்வரை யோசித்து, அறை, பெயர்ப்பலகை, தலைவர் ஆகிய மூன்றும் உள்ளதே உறுப்பு என்று முடிவு சொன்னது. மெசன்டரிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாததால் அது உறுப்பு அல்ல என்றும், அது உறுப்பாகவே இருப்பதால் மூன்றையும் அவசரமாகக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

"அப்போ நம்ம கேண்டீன்? அதுக்கும் மூணும் இருக்கே" என்று சிறுநீரகத்தம்மா கேட்டார்.

"நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல பரிசீலிப்போம்" என்றார் இயக்குநர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அறைக்கு எங்கே போவது? கல்லீரல்காரரின் அறை நடுவே பலகைத் தடுப்பு ஒன்று எழும்பியது. ஜன்னல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சகலையின் பெயர்ப்பலகையைத் துணியால் மூடி, இயக்குநர் நாடாவை இழுத்துத் திறந்து வைத்தார்: 'குடல்தாங்கித் துறை'. மெசன்டரி என்று சொன்னால் மரியாதை போதாது என்று அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். சகலை புது அறைக்குள் குனிந்தே நுழைந்தார். நாள் முழுக்கக் குனிந்தே நடந்தார். கூரை உயரமாக இருக்கிறது என்பதில் அவருக்கு நம்பிக்கை வர ஒரு வாரம் பிடித்தது.

"அண்ணா, இந்த ஜன்னல் உங்களோடது. தடுப்பை எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று அவர் வந்து கேட்டார்.

"சேச்சே, எனக்கு வெயிலே ஆகாது தம்பி" என்றார் கல்லீரல்காரர். வயிறு எரிந்தது. எந்த உறுப்பு எரிகிறது என்று அவரால் துல்லியமாகவே சொல்லியிருக்க முடியும்.

அதோடு விட்டார்களா? வயிற்றில் உள்ள எல்லாவற்றையும் தாங்குவது இந்தச் சவ்வுதான் என்பதால், தாங்கப்படுகிற உறுப்புகளெல்லாம் திங்கள்கிழமை காலையில் குடல்தாங்கித் துறைக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இரைப்பைக்காரர், மண்ணீரல்காரர், கணையம் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். "எங்களைத் தாங்குவதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழி விட்டார்கள். கல்லீரல்காரரின் முறை வந்ததும் சகலை பதறிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஐயோ அண்ணா, நீங்க போய் எனக்கு..."

"விதின்னா விதிதான் தம்பி. எங்களைத் தாங்குவதற்கு நன்றி."

தாங்க முடியாமல் வெளியே வந்தார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி தங்கச்சியிடம் போனில் பேசிவிட்டு வந்து பெருமூச்சு விட்டாள். "அவளுக்குப் பவுசைப் பாத்தீங்களா? 'எங்க வீட்டுக்காரரோட துறை'ங்கறா. எங்க வீட்டுக்காரராம், துறையாம். நீங்களும் இத்தனை வருஷமா அந்த ஈரலையே கட்டிக்கிட்டு அழறீங்களே, அதுல புதுசா ஒண்ணுமே வளராதா?"

"வெட்டினாலும் வளர்ற உறுப்பு அது ஒண்ணுதான்டி!"

"அது வளருது. நீங்க?"

"அந்த ஸ்வெட்டர் என்ன ஆச்சு? இப்ப எனக்கும் ஜன்னல் இல்லையே" என்று மட்டும் கேட்டார்.

"பின்னறேன், பின்னறேன்" என்றாள் அவள்.

இதற்கிடையில் இயக்குநர் குடல்தாங்கியின் உட்கட்டமைப்பை உலகுக்குக் காட்ட விழா வைத்தார். இந்த விஷயத்திலும் சகலைக்கு யோகம். கல்லீரலைப் பார்க்க வேண்டுமென்றால் மெழுகில் புதைத்து, சீவல் சீவலாகச் சீவி, அதில் ஒன்று கிழியாமல் கண்ணாடித் தகட்டில் ஏறினால் அதுவே பெரிய காரியம். மெசன்டரியைச் சீவவே வேண்டாம், பிறவியிலேயே அவ்வளவு மெல்லிசு. தகட்டின்மேல் சுருக்கமில்லாமல் விரித்துச் சாயம் ஏற்றினால் போதும். அப்படி விரித்த ஒரு தகட்டை வெல்வெட் தலையணையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள். வழியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நிற்காமல் விட்ட குடல்வால்காரரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

வரிசையில் நின்று கல்லீரல்காரரும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். இளஞ்சிவப்பில் அலையலையாக ஓடும் கொலாஜன் கற்றைகள். அவற்றின் குறுக்கே, நேராக ஓடிக் கிளை பிரியும் மெல்லிய கருத்த எலாஸ்டிக் இழைகள். சின்ன ரத்தக் குழாயை ஒட்டி, ஊதா மணிகளை வயிறு முட்ட அடைத்துக்கொண்டு நிற்கும் மாஸ்ட் செல்கள். இத்தனையும் இரண்டு பக்கமும் தளக்கல் பதித்தது போன்ற ஒற்றை வரிசைச் செல்களுக்கு நடுவே, ஒரு மூச்சுக்குப் பறந்துவிடும் கனத்தில். அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இயக்குநர் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடியில் ஆவி படிகிறது என்பார். அவருக்காகச் சுவரளவு பெரிதாக்கிய படம் மாட்டியிருந்தார்கள். அதில் எல்லாவற்றுக்கும் குறுக்கே கனமாக ஒரு நீல இழை படுத்திருந்தது.

"இது என்ன?"

"தெரியலை சார்" என்றார் சகலை. "தூசி தும்பு ஏதாவது விழுந்திருக்கும். வேற ஸ்லைடு எடுத்துடறேன்."

"தூசியா? நல்லாப் பாருங்க. மத்ததெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு வேலை பாக்குது. இது மட்டும் யாரோடயும் ஒட்டாம, ஒரு வேலையும் செய்யாம, எல்லாருக்கும் மேல படுத்திருக்கு. இதைப் பாத்ததுமே எனக்கு ஏதோ சொந்தம் மாதிரி தோணுது. இதுதான் தலைமை இழை."

கை தட்டல் அடங்க நேரமானது. மறுநாளிலிருந்து ஊழியர் அனைவரும் சட்டையில் நீல நாடா குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. சகலைக்குத் 'தலைமை இழையின் தந்தை' என்று பட்டம் கொடுத்தார்கள். மற்ற இழைகள் தலைமை இழையின் உத்தரவுப்படிதான் வளைகின்றன என்று இரண்டு பேர் கட்டுரை எழுதினார்கள்.

கல்லீரல்காரர் விழா நடந்த அன்று மத்தியானமே, கூட்டம் கலைந்ததும், மறுபடி போய்க் கண்ணை வைத்தார். குவியத்தை மெல்லத் திருகினார். திசு தெளிவாக இருந்தபோது நீல இழை மங்கிக் கிடந்தது. இழை தெளிந்தபோது திசு மங்கியது. அதாவது அது திசுவுக்குள் இல்லை, மேலே விழுந்து கிடக்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தார். இழையின் ஓரத்தில் செதில் செதிலாக இருந்தது. ஆட்டு ரோமம். நீலக் கம்பளி நூல்.

பெட்டியில் மிச்சம் கிடந்த அதே நீலம். மனதில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

ஆனால் சும்மா சொன்னால் பொறாமை என்பார்கள். அதாவது, உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கையில் சான்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, நாற்காலி முதுகில் நீல ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சமையலறையில் இருந்தார்கள். கல்லீரல்காரர் கைப்பட்டை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். அறுந்துவிடும் என்று நினைத்தார். அறவில்லை, வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றபோது ஸ்வெட்டருக்கு ஒரு கை முழங்கையோடு நின்றிருந்தது. மிச்சக் கை அவர் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"நூல் பிரிஞ்சிருந்துது. சரி பண்ணலாம்னு..."

"விடுங்கண்ணி, பழசுதானே" என்றார் பின்னாலேயே வந்த சகலை. "அண்ணா ஆசையாச் சரி பண்ண வந்தாரு."

"நல்லாப் பண்ணாரு! குடுங்க தம்பி, நான் பின்னித் தரேன். பெட்டியில மிச்ச நூல் இருக்கு."

அது தனக்கு ஒதுக்கி வைத்த நூல் என்று சொல்ல வந்த கல்லீரல்காரர், செம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தார். நுனியில் ஒரு துண்டு மட்டும் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

சபை கூடியது. கல்லீரல்காரர் சகலையின் தகட்டையும் தன் நூல் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார். ஒரே நீலம், ஒரே செதில். "மதிப்புக்குரிய சபையே, இது தலைமை இழை இல்லை. ஸ்வெட்டர் நூல். இவர் போட்டிருந்த ஸ்வெட்டர்லேர்ந்து உதிர்ந்தது. இது திசுவோட ஒட்டவே இல்லை, மேல கிடக்குது!"

சகலையின் முகம் கறுக்கும், கெஞ்சும், தடுமாறும் என்று அவர் எதிர்பார்த்தார். சகலை நிம்மதியாகச் சிரித்தார். "ஆமா சார். அண்ணா சொல்றதுதான் சரி. நான் முதல் நாளே தூசின்னு சொன்னேன். ரொம்ப நன்றிண்ணா. அந்த நாடாவைக் குத்திக்கிட்டு வரவே எனக்குக் கூச்சமா இருந்துது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டையில் நாடா குத்திய அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"மேல கிடக்குதுன்னு சொன்னீங்க. தலைமை எங்க கிடக்கும், கீழயா? ஒட்டலைன்னு சொன்னீங்க. நான் இங்க யாரோட ஒட்டறேன்? வெளியிலேர்ந்து வந்து விழுந்ததுன்னு சொல்றீங்க. நானும் அப்படித்தான் வந்தேன். இதெல்லாம் குறை இல்லை, தகுதி. அப்புறம், இணைப்புத் திசுன்னா என்ன? இணைக்கிறது. இந்த நூல் ஒரு ஸ்வெட்டரையும், ரெண்டு சகலையையும், இந்தச் சபையையும் ஒரே அறையில இணைச்சிருக்கு. வேற எந்தத் திசு இவ்வளவு பண்ணியிருக்கு?"

குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. நீல இழை தலைமை இழையாகவே நீடிக்கும். அது உடலுக்கு வெளியே உற்பத்தியாகிறது என்ற மகத்தான உண்மையைக் கண்டறிந்ததால், அதற்கென்று 'புற இழைத் துறை' தொடங்கப்படும்.

கல்லீரல்காரர் கணக்குப் போட்டார். கண்டறிந்தது யார்? நான்தானே! துறை என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் ஜன்னல். அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு பாதி எழுந்தே விட்டார்.

"தலைமை இழையை உருவாக்கினவர் யார்?" என்று இயக்குநர் சகலையைக் கேட்டார்.

"எங்க அண்ணி சார். இவரோட வீட்டுக்காரம்மா."

அன்று சாயங்காலமே அவளை அழைத்து வந்தார்கள். "இழையை எங்கிருந்து பெற்றீர்கள்?" என்று கேட்டார்கள். "கடையிலங்க, கழிவு போட்டிருந்தான்" என்றாள். மூலப்பொருள் சாதகமான சூழலில் கிடைக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். "இழைகள் எப்படி ஒழுங்குக்கு வருகின்றன?" என்றார்கள். "ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழங்க" என்றாள். சபை எழுந்து நின்று கை தட்டியது. அவள் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மயக்கம் கொஞ்சமும், தங்கச்சிக்கு எப்போது போன் போடலாம் என்ற யோசனை நிறையவும் இருந்தது.

புதுத் துறைக்கு அறை வேண்டுமே. தடுப்புக்கு இந்தப் பக்கம் கல்லீரலின் பாதி அறை இருந்தது. தாங்கப்படுவது தாங்குவதற்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதியைக் கண்டெடுத்து, கல்லீரல்காரரை மாடிப்படியின் அடிக்கு மாற்றினார்கள். தன் மனைவியின் பெயர்ப்பலகையை ஆணியடித்து மாட்டியபோது சுத்தியலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். சகலை வாழ்ந்தால் வயிறு எரியும் என்பது அவருக்குத் தெரியும். கட்டின பெண்டாட்டி வாழ்ந்தாலும் அதே இடத்தில், அதே அளவுக்கு எரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அடியில் உண்மையாகவே குளிர்ந்தது. சுவரில் ஈரம் கசிந்தது. முதல் நாளே மூன்று தடவை தலையில் இடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது, "அந்த ஸ்வெட்டர்..." என்று ஆரம்பித்தார்.

"நூல் ஏதுங்க? மிச்சமெல்லாம் தம்பியோட கைக்குப் போச்சே. நீங்கதானே இழுத்தீங்க? இனிமே வாங்கினாலும் அது நிறுவனச் சொத்து. நானா எடுத்துப் பின்ன முடியாது. ஒரு மனு போடுங்க, பாக்கறேன்."

அன்று காலை படிக்கட்டின் அடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சகலை வந்தார். பழக்கப்பட்ட குனிவு, தலை எங்கும் இடிக்காமல் உள்ளே வந்து நின்றார். நீல ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். ஒரு கையில் பாதி புதுப் பின்னலாக இருந்தது.

"போட்டுக்குங்கண்ணா. இந்த இடம் எனக்குத் தெரியும், பத்து மணிக்கு மேலதான் ரொம்பக் குளிரும். அப்புறம், முக்காலியை அந்தப் பக்கமாப் போடுங்க, அங்க ஈரம் வராது."

கல்லீரல்காரர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். ஒரு துளி கர்வம், ஒரு துளி இளக்காரம், 'பாவம்' என்கிற அந்த இனிப்பு, எதுவாவது இருக்காதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுவதைவிட அக்கறையாகத் தேடினார். இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். ஒன்றுமே இல்லை. ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டார். கதகதப்பாக இருந்தது. அதற்கும் பொறாமையாக இருந்தது.

சகலை போனதும் மேலே காலடிச் சத்தம் கேட்டது. வாசலில் யாரிடமோ சிரித்துப் பேசிவிட்டு, புற இழைத் துறைத் தலைவி படியேறிக்கொண்டிருந்தாள். கல்லீரல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே இருக்கும் படி வந்தது.

அவள் அதைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தாள்.